செயலிழப்பு அறிக்கைகளில் கசியும் தகவல்: அறிக்கை உருவாகும் இடத்திலேயே தடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி திடீரென முடங்கிவிட்டால் திரையில் தெரிவதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், கணினி மறுபடி எழுந்ததும் அது சேமித்து வைத்திருக்கும் செயலிழப்பு அறிக்கையை எடுத்து, உதவி கேட்கும் இடத்தில் இணைத்துவிடுங்கள் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் அண்மையில் வாசகர்களுக்கு அறிவுரை கூறப்பட்டிருந்தது. அறிக்கையை அனுப்பச் சொன்னது சரிதான். அது இல்லாவிட்டால் இயங்குதளத்தை எழுதுகிறவர்களால் வழுவைக் கண்டுபிடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. ஆனால் அந்த அறிக்கைக்குள் வழுவைப் பற்றிய விவரத்தோடு வேறு என்னவெல்லாம் சேர்ந்து வெளியே போகிறது என்பதைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. இயங்குதள மென்பொருளைப் பராமரிக்கும் பணியில் இத்தகைய அறிக்கைகளை அன்றாடம் படிக்கிறவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

கெர்னல் என்பது வன்பொருளுக்கும் மற்ற எல்லா மென்பொருளுக்கும் நடுவே நின்று நினைவகம், கோப்புகள், வலையமைப்பு அனைத்தையும் ஆளுகிற பகுதி. ஒரு சாதாரணச் செயலி முடங்கினால் அந்தச் செயலி கையாண்ட தரவு மட்டுமே அதன் அறிக்கையில் இடம்பெறும். கெர்னல் முடங்கினால் அந்த நேரத்தில் கணினியில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை செயலிகளின் தரவிலும், அத்தனை பயனர்களின் தரவிலும் ஏதேனும் ஒரு துண்டு அறிக்கைக்குள் வந்துவிட வாய்ப்பிருக்கிறது. கசிவைத் தடுக்கும் பொறுப்பை அறிக்கையை அனுப்புகிறவரின் தலையில் கட்ட முடியாது, ஏனெனில் அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. பெறுகிறவர் பிறகு சலித்து எடுத்துவிடுவார் என்று நம்பியும் இருக்க முடியாது. அறிக்கை உருவாகும் அந்த நொடியிலேயே, அதை உருவாக்குகிற கெர்னலே, எதை எழுதலாம் எதை எழுதக்கூடாது என்று முடிவு செய்தாக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னலில் கோளாறு நேரும்போது வெளியாகும் "ஊப்ஸ்" என்ற அறிக்கையை எடுத்துக்கொள்வோம். கோளாறு எந்த ஃபங்ஷனில் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதியில்) நேர்ந்தது, அந்த ஃபங்ஷனை எது அழைத்தது, அதை எது அழைத்தது என்ற தொடர், அப்போது ஓடிய செயலியின் பெயர், ஏற்றப்பட்டிருந்த கெர்னல் மாட்யூல்களின் பட்டியல், கணினியின் மாடல், பயாஸ் பதிப்பு ஆகியவற்றோடு மையச் செயலகத்தின் (சிபியூ) ரெஜிஸ்டர்களில், அதாவது கணக்கிடும்போது அது மதிப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் சிறு இடங்களில், அந்தக் கணத்தில் இருந்த மதிப்புகளும் பதினாறடிமான எண்களாக அதில் அச்சாகின்றன. 64 பிட் கணினியில் இத்தகைய ஒவ்வொரு ரெஜிஸ்டரும் 8 பைட் கொள்ளும். தரவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் நிரலில் கோளாறு நேர்ந்திருந்தால், நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருந்த தரவின் ஒரு துண்டே ரெஜிஸ்டரில் நிற்கக்கூடும். ஒரு ரெஜிஸ்டரின் கடைசி எட்டு இலக்கங்கள் 73736170 என்று தெரிந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது ஏதோ ஓர் எண். பைட்டுகள் தலைகீழ் வரிசையில் நிற்பதால் பின்னாலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் 70, 61, 73, 73 என்று வரும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் இவை பி, ஏ, எஸ், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். கடவுச்சொல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதற்பாதி அது. அதற்கு அடுத்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கும் என்று ஆராய்ந்து பார்க்கும் பொறுமை தாக்குதல் நடத்துகிறவருக்கு நிச்சயம் உண்டு.

உதவி கேட்கிறவர் பெரும்பாலும் இந்த ஒரு பகுதியை மட்டும் வெட்டி அனுப்புவதில்லை. கணினி இயக்கப்பட்டதிலிருந்து கெர்னல் எழுதிய மொத்தப் பதிவையும் இணைத்துவிடுகிறார். அதில் செருகிய ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்தின் வரிசை எண், வலையமைப்பு அட்டையின் வன்பொருள் முகவரி, வட்டுப் பகுதியின் தனி அடையாள எண் எல்லாம் இருக்கும். மடிக்கணினி என்றால் எந்த வைஃபை ரூட்டருடன் இணைந்தது என்பதும் அந்த ரூட்டரின் வன்பொருள் முகவரியோடு பதிவாகியிருக்கும். இந்த முகவரிகளை அவற்றின் இருப்பிடத்தோடு சேர்த்துத் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளங்கள் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன என்பதால், பெயரை மறைத்துக்கொண்டு உதவி கேட்கிற ஒருவர் தம்மை அறியாமலே தம் வீடு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறார்.

தனிப்பட்ட தகவல் கசிவதை எளிதில் புரிந்துகொள்ளலாம். நினைவக முகவரி கசிவதால் வரும் கேடு அவ்வளவு எளிதில் புலப்படாது, ஆனால் அதன் விளைவு பெரிது. கெர்னல் நினைவகத்தில் எங்கே அமர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அதன் வழுக்களைப் பயன்படுத்தித் தாக்குவது எளிதாகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை கணினி இயக்கப்படும்போதும் கெர்னலை வெவ்வேறு இடத்தில் ஏற்றும் உத்தி 2014இல் லினக்ஸ் 3.14 பதிப்பில் சேர்க்கப்பட்டு, 2017இல் 4.12 பதிப்பில் இயல்பான அமைப்பாகவே ஆக்கப்பட்டது. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் கெர்னல் நிரலுக்கென ஒதுக்கப்பட்ட 1 ஜிபி பரப்பில் 2 எம்பி இடைவெளியில்தான் அது அமர முடியும் என்பதால், அமரக்கூடிய இடங்கள் ஏறத்தாழ 500தான். கெர்னல் முழுவதும் ஒரே அளவு நகர்த்தப்படுவதால், ஒரே ஒரு ஃபங்ஷனின் உண்மையான முகவரி வெளியே தெரிந்தால் போதும், மற்ற எல்லா ஃபங்ஷன்களின் முகவரிகளையும் கணக்கிட்டுவிடலாம். ஒரு தெருவில் வீடுகளின் வரிசை முன்பே தெரிந்தவருக்கு ஒரேயொரு வீட்டை அடையாளம் காட்டிவிட்டால் தெரு முழுவதும் தெரிந்துவிடுவது போன்றது இது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாடு உண்டு. கெர்னல் முற்றாக நின்றுபோகும் "பேனிக்" நிலையில் கணினியை மறுபடி இயக்கியாக வேண்டும். அப்போது கெர்னல் புதிய இடத்தில் ஏறிவிடும் என்பதால், பேனிக் அறிக்கையில் லினக்ஸ் தன் நகர்வு அளவையே அச்சிட்டாலும் அந்தத் தகவல் மறுதொடக்கத்தோடு பயனற்றதாகிவிடுகிறது. ஆனால் ஊப்ஸ் நேரும்போது பல நேரங்களில் கோளாறில் சிக்கிய செயலி மட்டும் நிறுத்தப்பட்டு, கெர்னல் அதே இடத்திலிருந்து தொடர்ந்து ஓடுகிறது. அப்போது வெளியான முகவரி, கணினி அடுத்த முறை மறுபடி இயக்கப்படும் வரை செல்லுபடியாகும். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் சர்வர்களில் அது எவ்வளவு நீண்ட காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணினியில் சாதாரணப் பயனராக நுழைந்திருக்கும் ஒருவர் வேண்டுமென்றே ஒரு சிறு கோளாறை உண்டாக்கி, அறிக்கையைப் படித்து, முகவரியைத் தெரிந்துகொண்டு, பிறகு உண்மையான தாக்குதலைத் தொடங்க முடியும். அப்படிப்பட்டவருக்குக் கோளாறு நேர்வதே ஒரு வசதி.

இதைத் தடுக்க லினக்ஸ் கெர்னல் வல்லுநர்கள் நடந்துவந்த பாதை, நான் சொல்ல வரும் கருத்துக்கு நல்ல சான்று. முகவரிகளை மறைத்து அச்சிடுவதற்கென ஒரு தனிக் குறியீடு 2011இல் 2.6.38 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு நிரலாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டதால், பெரும்பாலான இடங்களில் அது பயன்படுத்தப்படவே இல்லை. பல ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது முகவரியை மறைக்காமல் அச்சிடும் இடங்கள் கெர்னலில் ஏறத்தாழ 14,000 இருந்தன. அத்தனையையும் தேடித் திருத்துவதற்குப் பதிலாக, 2018 ஜனவரியில் வெளியான 4.15 பதிப்பில், அச்சிடும் ஃபங்ஷனின் இயல்பையே மாற்றிவிட்டார்கள். அதன்பின் முகவரிக்குப் பதிலாக, ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறும் ஒரு ரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிடப்பட்ட ஹாஷ் மதிப்புதான், அதாவது மூல முகவரியைத் திரும்பப் பெற முடியாத ஓர் எண்தான், அச்சாகிறது. இரண்டு இடங்களில் அச்சான மதிப்பு ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே முகவரி என்று நிரலாளருக்குத் தெரியும், அந்த முகவரி என்ன என்பது வெளியாருக்குத் தெரியாது. உண்மையான முகவரிதான் வேண்டும் என்கிறவர் அதற்குரிய வேறு குறியீட்டைத் தெரிந்தே எழுத வேண்டும், மற்றவர்கள் அதற்கு என்ன காரணம் என்று கேட்கவும் முடியும். மறைப்பதற்குத் தனியாக முயல வேண்டும் என்றிருந்த நிலை, வெளியிடுவதற்குத் தனியாக முயல வேண்டும் என்று மாறியது. ஏழு ஆண்டுகளாக நல்லெண்ணத்தால் நடக்காதது ஒரு பதிப்பில் நடந்தது.

அதே காலகட்டத்தில் அறிக்கையின் அழைப்புத் தொடரிலிருந்தும் முகவரிகள் நீக்கப்பட்டன. இப்போது ஃபங்ஷனின் பெயரும், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி, மொத்தம் எத்தனை பைட் நீளம் என்பதும் மட்டுமே அச்சாகின்றன. வழுவைத் தேட இதுவே போதுமானது. இன்னும் சொன்னால், ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறிவிடும் முகவரியைவிட இது பயனுள்ளது. பாதுகாப்புக்காகத் தகவலைக் குறைத்தால் வழுநீக்கம் கெடும் என்று எப்போதும் சொல்லப்படும் மறுப்பு எல்லா இடத்திலும் உண்மையல்ல என்பதற்கு இந்த ஒரு வரியே சாட்சி. உண்மையாகவே முகவரி தேவைப்படும் வேலைகளும் உண்டுதான். அவற்றுக்காக, ஹாஷ் மறைப்பை நிறுத்தும் தொடக்க அளவுரு ஒன்று 2021இல் சேர்க்கப்பட்டு, அதைப் பயன்படுத்தினால் தொடக்கப் பதிவிலேயே பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும்படியும் செய்யப்பட்டிருக்கிறது. சோதனைக் கணினியில் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பணியில் இருக்கும் சர்வரில் அதை இயக்கி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களைத்தான் கண்டிக்க வேண்டும்.

ரெஜிஸ்டர் மதிப்புகள் இன்றும் மறைக்கப்படாமலே அச்சாகின்றன. அவற்றை ஹாஷ் செய்தால் அறிக்கையில் உயிரே இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே அந்த இடத்தில் செய்யக்கூடியது, பதிவை யார் படிக்கலாம் என்று வரையறுப்பதுதான். சாதாரணப் பயனர்கள் கெர்னல் பதிவைப் படிக்க முடியாதபடி தடுக்கும் அமைப்பு லினக்ஸில் நெடுங்காலமாக உள்ளது. வழுவைத் தேடும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைத் தளர்த்தி வைக்கும்படி ஆங்காங்கே எழுதப்படும் அறிவுரைகளை வாசகர்கள் பின்பற்ற வேண்டாம். கெர்னல் பதிவை வட்டில் எழுதி வைக்கும் கோப்புக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும். ஒரு வாசலைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வாசலைத் திறந்து வைப்பதை நிர்வாகிகள் அடிக்கடி செய்கிறார்கள்.

இனி முழு நினைவகப் பதிவுக்கு வருகிறேன். மேலே சொன்னவை சில நூறு வரிகள் கொண்ட உரை. டம்ப் என்று வழங்கும் நினைவகப் பதிவோ கணினியின் நினைவகத்தையே கோப்பாக எடுத்து வைப்பது. விண்டோஸில் சிறிய பதிவு, கெர்னல் பதிவு, முழுப் பதிவு எனத் தெரிவு செய்துகொள்ளலாம். லினக்ஸில் இதை எடுக்கும்போது வெற்றுப் பக்கங்கள், கோப்புத் தேக்கம், பயனர் செயலிகளின் பக்கங்கள், பயன்பாட்டில் இல்லாத பக்கங்கள் ஆகியவற்றை விலக்க வடிகட்டும் கருவி உண்டு. அதன் உச்ச நிலையான 31ஐத் தேர்ந்தெடுத்தால் கோப்பு பலமடங்கு சிறிதாகிவிடும். அதனால் ரகசியமும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இது ஆபத்தான நினைப்பு. விலக்கப்படாமல் எஞ்சுவது கெர்னலுக்கே உரிய நினைவகம். குறியாக்கம் செய்யப்பட்ட, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட, வட்டின் சாவி, கெர்னல் சாவிக்கொத்தில் வைக்கப்பட்ட ரகசியங்கள், அனுப்பப்படக் காத்திருந்த வலையமைப்புத் தரவு, அண்மையில் திறக்கப்பட்ட கோப்புகளின் பெயர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து பாதுகாத்துவிட்டு, அதன் சாவி அடங்கிய கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023இல் மைக்ரோசாஃப்டில் நடந்தது கண்முன் நிற்கிறது. அவ்வாண்டு மே மாதம் தொடங்கி, நுழைவுச் சீட்டுகளை மெய்யானவை என்று உறுதிப்படுத்தும் அந்நிறுவனத்தின் கையொப்பச் சாவி ஒன்றைக் கைப்பற்றிய ஒரு குழு, போலி நுழைவுச் சீட்டுகளை உருவாக்கி, அமெரிக்க வெளியுறவுத் துறை உட்பட இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகளின் மின்னஞ்சல்களைப் படித்தது. அந்தச் சாவி எப்படி வெளியேறியிருக்கும் என்று செப்டம்பரில் நிறுவனம் வெளியிட்ட விளக்கம் இது: 2021 ஏப்ரலில் ஓர் அமைப்பு முடங்கியபோது எடுக்கப்பட்ட நினைவகப் பதிவில், இருக்கவே கூடாத அந்தச் சாவி ஒரு வழுவினால் இடம்பெற்றுவிட்டது, பதிவில் ரகசியம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளும் அதைக் கண்டுபிடிக்கவில்லை, தனிமைப்படுத்தப்பட்ட வலையமைப்பிலிருந்து இணையத்தோடு தொடர்புடைய வழுநீக்கச் சூழலுக்கு அது நகர்த்தப்பட்டது, பின்னர் ஒரு பொறியாளரின் கணக்கு வழியே அது எடுக்கப்பட்டிருக்கக்கூடும். 2024 மார்ச்சில் நிறுவனமே இந்த விளக்கத்தைத் திருத்தி, அந்தச் சாவி அடங்கிய நினைவகப் பதிவு எதையும் தாங்கள் கண்டெடுக்கவில்லை என்று கூறியது. ஆகவே சாவி இப்படித்தான் போனது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னைப் பொறுத்தவரை அதுவே இந்த நிகழ்வில் அதிகம் அச்சுறுத்தும் பகுதி. எந்த நினைவகப் பதிவில் என்ன இருந்தது, அது எங்கெங்கே போனது, யார் திறந்தார்கள் என்பதைப் பின்னாளில் நிறுவ முடியாத நிலையில் இவ்வளவு பெரிய நிறுவனமே இருந்தது என்றால், மற்றவர்கள் எந்த நிலையில் இருப்பார்கள்?

கோப்பு உருவான பிறகு அதைச் சலிப்பது ஏன் போதாது என்பதும் இதிலேயே தெரிகிறது. சலிக்கும் கருவி தனக்குத் தெரிந்த வடிவங்களைத்தான் தேடும். நினைவகத்தில் சாவி துண்டாகவோ, தொடர்ச்சியற்ற பக்கங்களிலோ, வேறு வடிவத்திலோ கிடக்கும். ஆகவே பதிவை எழுதும் கெர்னலே அதைக் குறியாக்கம் செய்து எழுதுவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் 2018இல் வெளியான 12.0 பதிப்பில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. பூட்ட மட்டுமே உதவும் தம் பொதுச் சாவியை மட்டும் நிர்வாகி கணினியில் கொடுத்து வைக்கிறார். நினைவகப் பதிவு ஒருமுறைச் சாவி ஒன்றால் குறியாக்கம் செய்யப்பட்டு வட்டில் எழுதப்படுகிறது, அந்த ஒருமுறைச் சாவி பொதுச் சாவியால் பூட்டப்படுகிறது. திறக்கும் தனிச் சாவி அந்தக் கணினியில் இருப்பதே இல்லை. வட்டு திருடு போனாலும், கோப்பைத் தவறான இடத்தில் பதிவேற்றிவிட்டாலும், உரியவரைத் தவிர வேறு யாராலும் அதைப் படிக்க முடியாது. விண்டோஸிலும் நினைவகப் பதிவைக் குறியாக்கம் செய்யும் வசதி உண்டு, ஆனால் நிர்வாகி அதைத் தாமாக முன்வந்து அமைக்க வேண்டும். 4.15க்கு முன் லினக்ஸ் முகவரிகள் இருந்த இடத்தில்தான் நினைவகப் பதிவுகள் இன்று பெரும்பாலும் நிற்கின்றன: பாதுகாப்பு இருக்கிறது, கேட்டால் மட்டும் கிடைக்கும்.

வழியில் கசிவதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் பிழை அறிக்கைகளை இணையத்தில் இடைமறித்துப் படித்து, எந்தக் கணினியில் என்ன கோளாறு இருக்கிறது என்று அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தெரிந்துகொண்டதாக ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் 2013 டிசம்பரில் வெளியிட்டது. அன்று அந்த அறிக்கைகளின் முதற்கட்டத் தகவல் குறியாக்கமின்றியே பயணித்தது. பின்னர் அது சரிசெய்யப்பட்டுவிட்டது. எனினும் தங்கள் சொந்தச் சாதனங்களுக்கு அறிக்கை அனுப்பும் மென்பொருளைத் தாங்களே எழுதிக்கொள்ளும் சிறு தயாரிப்பாளர்கள் அதே தவறை இன்றும் செய்ய இடமிருக்கிறது.

அறிக்கையைக் கையாளும் மென்பொருளே ஓட்டையாகிவிடுவதும் உண்டு. 2025 மே மாதம் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், லினக்ஸில் செயலிகளின் நினைவகப் பதிவுகளைக் கையாளும் அப்போர்ட், சிஸ்டம்டி கோர்டம்ப் ஆகிய இரண்டிலும் ஒரே வகையான வழுவை வெளிப்படுத்தினார்கள். உயர் அதிகாரத்தோடு ஓடும் ஒரு செயலியை முடங்க வைத்து, அதன் அடையாள எண்ணை மின்னல் வேகத்தில் வேறொரு செயலிக்குக் கிடைக்கச் செய்தால், பதிவு யாருக்குரியது என்று கையாளும் மென்பொருள் ஏமாந்துவிடுகிறது. இதனால் கடவுச்சொற்களின் ஹாஷ் மதிப்புகளை ஒரு சாதாரணப் பயனர் படித்துவிட முடியும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். இவை கெர்னல் அறிக்கைகள் அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான்.

தங்கள் குறிப்பு திரையைப் படம் பிடிக்கச் சொன்னதால் இன்னொன்றையும் எழுதுகிறேன். விண்டோஸின் பழைய நீலத் திரையில் தெரிந்த க்யூஆர் குறியீடு பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் வழிகாட்டியது. ஆனால் 2024 இறுதியில் வந்த லினக்ஸ் 6.12 பதிப்பிலிருந்து, பேனிக் திரையில் காட்டப்படக்கூடிய க்யூஆர் குறியீட்டுக்குள் கெர்னல் பதிவின் கடைசிப் பகுதியே சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். எழுதுவதற்கு வட்டு கிடைக்காத நிலையிலும் பதிவை மீட்க உதவும் அருமையான ஏற்பாடு இது, நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் படத்தை வெளியிடுகிறவர் திரையில் தெரியும் எழுத்துகளை மட்டும் மறைத்துவிட்டு, அதே எழுத்துகள் அடங்கிய கட்டத்தை அப்படியே விட்டுவிடக்கூடும். மனிதக் கண்ணுக்குப் படிக்க முடியாதது பாதுகாப்பானது என்ற எண்ணம் இயல்பானது என்பதாலேயே இதைச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு வாசகர்கள் அறிக்கை அனுப்புவதையே நிறுத்திவிடக் கூடாது. அப்படி நடந்தால் வழுக்கள் திருத்தப்படாமல் கிடக்கும், அதன் கேடு கசிவைவிடப் பெரிது. எனவே தங்கள் கணினிப் பக்கத்தின் அடுத்த குறிப்பில் இரண்டு திருத்தங்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பொது இடத்தில் வெளியிடுவதென்றால் கோளாறு நேர்ந்த இடத்தையும் அழைப்புத் தொடரையும் மட்டும் வெட்டி இடலாம்; ரெஜிஸ்டர் மதிப்புகளும் முழுப் பதிவும் தேவை என்று உதவுகிறவர் கேட்டால், இயங்குதளத்தை வழங்குகிறவர்களின் தனிப்பட்ட வழு அறிவிப்பு வழியில் அனுப்பிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கலாம். முழு நினைவகப் பதிவை யார் கேட்டாலும், அதைக் குறியாக்கம் செய்து அனுப்ப அவர்களுடைய பொதுச் சாவி எங்கே கிடைக்கும், கோப்பை யார் யார் திறப்பார்கள், வேலை முடிந்ததும் எந்த நாளில் அழிப்பார்கள் என்று எழுத்து மூலம் கேட்டுப் பதில் வந்த பிறகே அனுப்பும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இயங்குதள மென்பொருள் பராமரிப்பில் உள்ள தங்கள் வாசகர்